பிரிட்டிஷ் அரசரின் தனிச்செயலாளருக்கு எவ்வளவு செல்வாக்கு? ஆர்தர் பிக் என்ற பீரங்கிப்படை அதிகாரியின் 51 ஆண்டு அரண்மனைப் பணி சொல்லும் விடை

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய செய்திகளில் "அரண்மனை வட்டாரங்கள் தெரிவித்தன", "அரசரின் தனிச்செயலாளர் ஆலோசனை கூறினார்" என்ற வரிகளை அடிக்கடி பார்க்கிறோம். யார் இந்த வட்டாரங்கள்? அரசருக்கே பெரிய அதிகாரம் இல்லாத நாட்டில், அவருடைய செயலாளர் என்ன சொன்னார் என்பது எதற்காகச் செய்தியாகிறது? தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது லண்டன் நிருபர்கள் ஏன் இந்த ஒருவரின் நடமாட்டத்தைக் கவனிக்கிறார்கள்?

சட்டப் புத்தகத்தில் தேடினால் இந்தப் பதவியின் அதிகாரம் என்று ஒரு பக்கம்கூடக் கிடைக்காது. அந்தப் பதவியில் இருந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அப்படிப் பார்ப்பதற்கு ஆர்தர் பிக்கைவிடப் பொருத்தமானவர் இல்லை. பீரங்கிப்படையில் இளம் அதிகாரியாக இருந்தவர் 1880இல் அரண்மனைக்குள் வந்தார். 1931இல் இறக்கும்போதும் அதே பணியில்தான் இருந்தார். பிற்காலத்தில் ஸ்டாம்ஃபோர்டம் பிரபு என்று அறியப்பட்டார். இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு 'வின்ட்சர்' என்ற பெயரைக் கொடுத்தவரும் இவரே.

முதலில் சில சொற்கள்

1. அரசவை அலுவலர்: அரசரின் குடும்ப நிர்வாகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டோ கௌரவமாகவோ பணியாற்றுபவர். ஆங்கிலத்தில் கோர்ட்டியர் என்பார்கள். அரசாங்க அதிகாரிகள் அமைச்சரிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள். இவர்கள் அரசரிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

2. ஈக்வெரி: அரசருடன் கூடவே இருந்து அன்றாட நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்ளும் படை அதிகாரி. ஒரு காலத்தில் அரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பானவர். இன்றைக்கு முப்படைகளிலிருந்தும் இளம் அதிகாரிகளைச் சில ஆண்டுகளுக்கு இந்தப் பணிக்கு அனுப்புகிறார்கள்.

3. தனிச்செயலாளர்: அரசருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே உள்ள வாசல். அமைச்சர்கள் அனுப்பும் கோப்புகள், பிரதமரின் கடிதங்கள், காமன்வெல்த் நாடுகளின் தகவல்கள் எல்லாம் இவர் மேசை வழியாகப் போகும், வரும். அரசரின் உரைகளையும் கடிதங்களையும் பெரும்பாலும் இவர்தான் வரைவார்.

4. 'அட்வைஸ்': நாம் குழம்புவது பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான். அமைச்சர்கள் முறைப்படி அரசருக்குக் கொடுக்கும் 'அட்வைஸ்' பெயரளவில்தான் ஆலோசனை. அரசர் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர். தனிச்செயலாளர் சொல்வது அந்த வகையில் சேராது. அது காதில் சொல்லும் கருத்து. அரசர் ஏற்கலாம், தள்ளலாம். இந்திய அரசியல் சட்டத்தின் 74, 163ஆம் பிரிவுகளில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அமைச்சரவை 'உதவியும் ஆலோசனையும்' அளிக்கும் என்று இருக்கிறதே, அது இந்த பிரிட்டிஷ் வழக்கத்தின் எழுதப்பட்ட வடிவம்தான். பிரிட்டனில் அது எழுதப்படாத மரபு. எழுதப்படாத இடத்தில்தான் காதில் சொல்பவருக்கு எடை கூடுகிறது.

அமைச்சர்கள் தன்னைக் கலந்து பேச வேண்டும், தான் அவர்களை ஊக்கப்படுத்தலாம், எச்சரிக்கலாம் என்ற மூன்று உரிமைகள் அரசருக்கு மிச்சமிருப்பதாகச் சொல்வார்கள். எச்சரிக்க வேண்டுமென்றால் முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த விஷயத்தைச் சேகரித்து, சுருக்கி, எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்வது தனிச்செயலாளரின் வேலை.

அரண்மனைக்கு ஏன் படைவீரர்கள்?

அரசருக்கென்று ஒரு தனிச்செயலாளர் என்ற ஏற்பாடு 1805இல் தொடங்கியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பார்வை மங்கிப்போனது. அதுவரை தன் கைப்படவே கடிதங்கள் எழுதிவந்தவருக்கு, படிக்கவும் எழுதவும் ஒருவர் தேவைப்பட்டார். வந்தவர் ஹெர்பர்ட் டெய்லர் என்ற ராணுவ அதிகாரி. அரசாங்க ரகசியங்களை அமைச்சர் அல்லாத ஒருவர் படிக்கலாமா என்று சில ஆண்டுகளிலேயே நாடாளுமன்றத்தில் ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆட்சேபம் இன்றுவரை முழுமையாக அடங்கவில்லை.

விக்டோரியா அரசியின் காலத்தில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு (1861) இந்தப் பொறுப்பு ஜெனரல் சார்ல்ஸ் கிரேயிடம் போனது. 1870இல் ஹென்றி பான்சன்பி வந்தார். கிரைமியப் போரில் பங்கெடுத்த கிரெனடியர் கார்ட்ஸ் படைக்காரர். அவருக்கு உதவியாக இருந்த ஃப்ளீட்வுட் எட்வர்ட்ஸ் பொறியியல் படையிலிருந்து வந்தவர்.

இப்படிப் படையிலிருந்தே ஆட்கள் வந்ததற்குக் காரணங்கள் உண்டு. படை அதிகாரியின் நியமனப் பத்திரமே அரசரின் பெயரில் வருவது. அவரது விசுவாசம் கட்சிக்கு அப்பாற்பட்டது என்று நம்பப்பட்டது. தளபதிக்குச் சுருக்கமாகக் குறிப்பு எழுதுவது, பிடிக்காத செய்தியையும் மறைக்காமல் சொல்வது, முடிவு தனக்கு எதிராகப் போனாலும் நிறைவேற்றுவது ஆகிய பழக்கங்களை ராணுவம் கற்றுக்கொடுத்திருந்தது. அப்புறம் வர்க்கம். 1871 வரை காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே அங்கிருந்தவர்கள் ஏற்கெனவே அரசரின் விருந்து மேசையில் உட்காரக்கூடிய குடும்பத்தினர். நம்பிக்கை என்ற பெயரில் உண்மையில் ஒரு சிறிய வட்டம் தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

பிக்கின் கதை அந்தக் கடைசிக் காரணத்தில் மட்டும் கொஞ்சம் விலகுகிறது.

பாதிரியாரின் மகனும் பேரரசியின் மகனும்

ஆர்தர் ஜான் பிக் 1849 ஜூன் 18 அன்று பிறந்தார். இங்கிலாந்தின் வடக்குக் கோடியான நார்தம்பர்லாந்தில் ஸ்டாம்ஃபோர்டம் என்ற ஊரின் பாதிரியார் அவருடைய தந்தை. நல்ல குடும்பம்தான், ஆனால் பெரும் பிரபு குடும்பம் இல்லை. பீரங்கிப்படையிலும் பொறியியல் படையிலும் மட்டும் பதவியைக் காசுக்கு வாங்க முடியாது. வூலிச் ராணுவக் கழகத்தில் படித்துத் தேற வேண்டும். பிக் அந்த வழியில் 1869இல் ராயல் ஆர்ட்டிலரியில் சேர்ந்தார்.

அவரது வாழ்க்கையைத் திருப்பியது ஒரு நட்பு. பிரான்ஸின் பேரரசராக இருந்து 1870இல் பதவி இழந்த மூன்றாம் நெப்போலியனின் குடும்பம் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்தது. அவருடைய ஒரே மகன் லூயி வூலிச்சில் படித்து, பிக் இருந்த பீரங்கிப்படைப் பிரிவோடு பழகினான். இருவரும் நண்பர்களானார்கள். 1879இல் தென்னாப்பிரிக்காவில் ஜூலுப் போர் மூண்டபோது பிக் அங்கே போரிட்டுக்கொண்டிருந்தார். லூயியும் பிடிவாதமாக அனுமதி பெற்று வந்து சேர்ந்தான். ஜூன் 1 அன்று ஒரு சிறு வேவுக் குழுவோடு சென்றபோது ஜூலு வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூட வந்தவர்கள் குதிரையேறித் தப்பிவிட, அவன் ஈட்டிக் காயங்களோடு செத்துக் கிடந்தான். வயது 23.

மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தாய் யூஜினி பேரரசி 1880இல் ஜூலு நாட்டுக்குப் பயணப்பட்டார். அந்தத் துயரப் பயணத்தில் கூடச் சென்றவர்களில் பிக் ஒருவர். யூஜினியின் நெருங்கிய தோழி விக்டோரியா அரசி. தோழியின் வாயால் அந்த இளைஞரின் பண்பைக் கேட்டும், நேரில் பார்த்தும் விக்டோரியாவுக்குப் பிடித்துப்போனது. அதே ஆண்டில் பிக் அரண்மனைப் பணியில் சேர்க்கப்பட்டு, பான்சன்பிக்கு உதவியாளரானார். பின்னாளில் தன் மகள்களில் ஒருத்திக்கு விக்டோரியா யூஜினி என்று பெயர் வைத்தார். தன் வாழ்க்கை எந்த இரண்டு பெண்களால் இப்படியானது என்பதை அந்த மனிதர் மறக்கவில்லை.

அரண்மனைப் பணிக்கு அன்று தேர்வும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒரு மரணம், ஒரு தாயின் பரிந்துரை, ஒரு அரசியின் மனசு. இத்தனை பெரிய பொறுப்புக்கு ஆள் எடுக்க இது சரியான வழியா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிக் திறமைசாலியாக அமைந்தது அரச குடும்பத்தின் நல்வாய்ப்பு.

விக்டோரியாவின் மேசையில்

உதவியாளராக 15 ஆண்டுகள். 1895 ஜனவரியில் பான்சன்பி பக்கவாதத்தால் விழுந்ததும் பிக் தனிச்செயலாளரானார். லெப்டினன்ட் கர்னல் சர் ஆர்தர் பிக். அரசிக்கு அப்போது வயது 75, பார்வை வேகமாக மங்கிக்கொண்டிருந்தது. கடினமான கோப்புகளைச் செயலாளர் விளக்கிச் சொல்வதைவிட மகள் பியட்ரிஸ் படித்துக் காட்டுவதையே அரசி விரும்பினார். அரசியல் நுணுக்கம் தெரியாத ஒருவர் படித்தால் முக்கியமானது விட்டுப்போகும் என்பது செயலாளர் அலுவலகத்தின் கவலை. ஆக்ராவிலிருந்து வந்து அரசியின் நெருக்கமான உதவியாளராகிவிட்ட அப்துல் கரீம் என்ற 'முன்ஷி' மீது அரண்மனையில் கிளம்பிய பகையும் இதே காலத்ததுதான். அந்தப் பகையில் இனவெறுப்பு நிறையவே இருந்தது. அதோடு, அரசியின் காதுக்கு யார் நெருக்கம் என்ற பழைய போட்டியும் சேர்ந்துகொண்டது.

1901 ஜனவரி 22 அன்று விக்டோரியா இறந்தார். புதிய அரசர் ஏழாம் எட்வர்டு தன் செயலாளரான ஃபிரான்சிஸ் நாலிஸை வைத்துக்கொண்டார். பிக் ஓய்வு பெறவில்லை. அடுத்த வாரிசான ஜார்ஜின் செயலாளராக மாறினார். வெளியிலிருந்து பார்த்தால் இது இறக்கம். பின்னாளில் நடந்ததைப் பார்த்தால், அவரது வாழ்க்கையின் மிகப் பெரிய முதலீடு இந்த ஒன்பது ஆண்டுகள்தான். கடற்படையில் வளர்ந்த, அரசியல் படிப்பில்லாத, கூச்ச சுபாவமுள்ள ஒருவருக்கு அரசராக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பிக்தான் தனக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் என்று ஜார்ஜே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து உலகம் சுற்றினார்கள். 1901இல் 'ஓஃபிர்' கப்பலில் கொழும்பு, சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா சென்று அந்நாட்டின் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றத்தைத் திறந்தார்கள். 1905–06இல் இந்தியப் பயணம். 1906 ஜனவரியில் சென்னைக்கு வந்த ஜார்ஜ்தான் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சிவப்புக் கல்லில் எழுந்து நிற்கும் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த இந்தியப் பயணத்தில் பிக்குக்கு ஒரு இளம் அதிகாரி அறிமுகமானார்: பெங்கால் லான்சர்ஸ் குதிரைப்படையைச் சேர்ந்த கிளைவ் விக்ரம், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஒருவரின் மகன். 1910இல் அவர் அரண்மனைக்கு உதவிச் செயலாளராக வந்தார். பிக்குக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவரே.

1910: ஒரே அரண்மனையில் இரண்டு ஆலோசனைகள்

1910 மே 6 அன்று எட்வர்டு இறந்து, ஜார்ஜ் (ஐந்தாம் ஜார்ஜ்) அரசரானார். அவருக்கு இப்போது இரண்டு தனிச்செயலாளர்கள்: தந்தையிடமிருந்து வந்த நாலிஸ், தன்னோடு வந்த பிக். ஆறே மாதத்தில் நெருக்கடி வந்தது. தனிச்செயலாளரின் பலமும் வரம்பும் ஒரே நேரத்தில் தெரியும் இடம் இது என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

1. பின்னணி: 1909இல் லிபரல் கட்சி அரசாங்கம் செல்வந்தர்கள் மீது புதிய வரிகள் விதிக்கும் பட்ஜெட்டைக் கொண்டுவந்தது. தேர்ந்தெடுக்கப்படாத பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது.

2. கோரிக்கை: பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரத்தை வெட்டச் சட்டம் தேவை. அந்தச் சட்டத்தையும் பிரபுக்கள்தான் நிறைவேற்ற வேண்டும். அவர்கள் மறுத்தால், அரசர் நூற்றுக்கணக்கான புதிய பிரபுக்களை நியமித்துச் சபையில் பெரும்பான்மையை மாற்ற முடியும்.

3. நவம்பர் 16: பிரதமர் ஆஸ்குவித் அரசரிடம் வந்து, வரப்போகும் தேர்தலில் தாங்கள் வென்றால் அப்படி நியமிப்பதாக முன்கூட்டியே, அதுவும் ரகசியமாக, உறுதி கேட்டார்.

4. இரண்டு குரல்கள்: நாலிஸ் கொடுத்துவிடலாம் என்றார். பிக் கூடாது என்றார். நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது ஒரு கட்சியின் தேர்தல் கணக்கில் அரசரைச் சேர்த்துவிடும் என்பது அவர் வாதம்.

5. முடிவு: அரசர் நாலிஸ் சொன்னபடி உறுதி கொடுத்தார். லிபரல் கட்சி ஆட்சியில் தொடர்ந்தது. 1911 ஆகஸ்ட் 10 அன்று பிரபுக்கள் சபை 131க்கு 114 என்ற வாக்கில் பணிந்தது. புதிய பிரபுக்களை நியமிக்கும் அவசியமே வரவில்லை.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அரசாங்கம் ராஜினாமா செய்தால் எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபர் ஆட்சியமைக்கத் தயாராக இருக்கக்கூடும் என்ற தகவல் நாலிஸுக்கு முன்பே தெரியும். அவர் அதைப் புதிய அரசரிடம் சொல்லவில்லை. 1913இல்தான் ஜார்ஜுக்கு இது தெரியவந்தது, மனம் கசந்தார். அதே ஆண்டில் நாலிஸ் விலக, அதற்குள் ஸ்டாம்ஃபோர்டம் பிரபுவாகியிருந்த பிக் தனி ஒருவராகப் பொறுப்பேற்றார். தந்தை ஊழியம் செய்த ஊரின் பெயரையே பட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைய வாதத்தில் யார் சரி? என் பார்வையில் முறையைப் பற்றி பிக் சொன்னது சரி; விளைவைப் பற்றி நாலிஸ் கணித்தது சரி. அரசர் மறுத்திருந்தால் ஆஸ்குவித் ராஜினாமா செய்திருப்பார், தேர்தலே "அரசரா, மக்களா" என்று மாறியிருக்கும். ஆனால் சரியான முடிவுக்காகத் தகவலை மறைத்தது மன்னிக்க முடியாதது. தனிச்செயலாளருக்கு இருக்கும் ஒரே அதிகாரம் தகவல்தான். அதை மறைப்பவர், யாரும் தனக்குக் கொடுக்காத முடிவெடுக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறார்.

1917: ஒரு பெயரும் சில கடிதங்களும்

முதல் உலகப்போர் ஸ்டாம்ஃபோர்டமின் வீட்டுக்குள்ளும் வந்தது. மகள் விக்டோரியா யூஜினியின் கணவர், கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் அதிகாரி, 1914இல் கொல்லப்பட்டார். 1915 மே மாதத்தில் ஒரே மகன் ஜான் பிரான்ஸில் விழுந்தான். அப்பா வேலையை விடவில்லை. 36 ஆண்டுகளுக்கு முன் மகனை இழந்த ஒரு தாயோடு ஜூலு நாட்டுக்குப் போனவருக்கு இப்போது அதே இழப்பு.

1917இல் அரச குடும்பம் பயந்தது. மார்ச்சில் ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் பதவி துறந்தார். போரால் களைத்துப்போன பிரிட்டனில், ஜெர்மானியப் பெயர் சுமந்த ஒரு குடும்பம் ஜெர்மனிக்கு எதிரான போரில் மக்களின் உயிரைக் கேட்டுக்கொண்டிருந்தது. சாக்ஸ்-கோபர்க்-கோதா என்பது வம்சப் பெயர். லண்டன் மீது அந்த ஜூனில் குண்டு வீசிய ஜெர்மன் விமானங்களின் பெயரும் 'கோதா'.

வேறு பெயர் தேடினார்கள். ட்யூடர்-ஸ்டூவர்ட், பிளான்டாஜெனெட், யார்க், லங்காஸ்டர் என்று பழைய பெயர்கள் அலசப்பட்டன. ஒன்றில் ரத்தக் கறை, இன்னொன்று வேறொருவருக்குச் சொந்தம். 'வின்ட்சர்' என்று சொன்னவர் ஸ்டாம்ஃபோர்டம். மூன்றாம் எட்வர்டு மன்னர் ஒரு காலத்தில் வின்ட்சர் எட்வர்டு என்று அழைக்கப்பட்டதை அவர் எடுத்துக் காட்டினார். ஊர், கோட்டை, ஆறு, பழைமை எல்லாம் ஒரே சொல்லில். 1917 ஜூலை 17 அன்று பிரகடனம் வெளியானது. அதே மாற்றத்தில் பேட்டன்பர்க் குடும்பம் மவுன்ட்பேட்டன் ஆனது. அந்தக் குடும்பத்துப் பையன்தான் 1947இல் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்தவர்.

பெயர் மாற்றம் அவரது திறமையின் உச்சம் என்றால், ஜார் விவகாரம் அவர் மீது படிந்த நிழல். நிக்கோலாஸின் தாயும் ஜார்ஜின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். உருவத்தில் இரட்டையர் போல இருப்பார்கள். நடந்தது இது:

1. ரஷ்ய இடைக்கால அரசாங்கம், ஜார் குடும்பத்தை பிரிட்டன் ஏற்குமா என்று கேட்டது.

2. மார்ச் 22 அன்று பிரதமரின் அலுவலகத்தில் கூடிப் பேசினார்கள். பிரதமர் லாயிட் ஜார்ஜும் இருந்தார், ஸ்டாம்ஃபோர்டமும் இருந்தார். அடைக்கலம் கொடுப்பது என்று முடிவானது.

3. மார்ச் 30 அன்று ஸ்டாம்ஃபோர்டம் வெளியுறவு அமைச்சர் பால்ஃபருக்கு எழுதினார்: அரசருக்குத் தயக்கம். அழைப்பு போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று பால்ஃபர் பதில் எழுதினார்.

4. ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் இரண்டு கடிதங்கள். தொழிலாளர்களிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் எதிர்ப்புக் கடிதங்கள் வருகின்றன, இது அரசரின் நிலையையே பாதிக்கும், அழைப்பைத் திரும்பப் பெற வழி பார்க்க வேண்டும் என்பது சாரம். அடுத்த சில நாட்களில் பிரதமரையும் நேரில் பார்த்து வலியுறுத்தினார்.

5. அழைப்பு ஓசையில்லாமல் கைவிடப்பட்டது. 1918 ஜூலை 17 அதிகாலையில் ஜாரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் எகடெரின்பர்க்கில் ஒரு வீட்டின் நிலவறையில் சுடப்பட்டார்கள். வின்ட்சர் என்ற பெயர் பிறந்து சரியாக ஓராண்டு.

பல பத்தாண்டுகள் பழி லாயிட் ஜார்ஜ் மீது இருந்தது. 1980களில் ஆவணங்கள் ஆராயப்பட்ட பிறகே அழுத்தம் அரண்மனையிலிருந்து வந்தது என்பது உறுதியானது. அழைப்பு நிலைத்திருந்தாலும் ரஷ்யப் புரட்சிக் குழுக்கள் அந்தக் குடும்பத்தை ரயிலேற விட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒன்று தெளிவு. அமைச்சரவை எடுத்த முடிவை, தேர்ந்தெடுக்கப்படாத இருவர், ஒரு அரசரும் அவருடைய செயலாளரும், தங்கள் நிறுவனத்தைக் காப்பதற்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதி மாற்றினார்கள். எச்சரிக்கும் உரிமை எங்கே முடிகிறது, வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்று எவரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பையனுக்கு 13 வயது. ஸ்டாம்ஃபோர்டம் கெட்டவர் இல்லை. அதனால்தான் இதைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

1923, 1924: பிரதமரைத் தேர்ந்தெடுத்த வாரங்கள்

அன்றைய கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. ஆட்சியில் இருக்கும் அந்தக் கட்சியின் பிரதமர் விலகினால், அடுத்தவரை அரசர் 'கண்டுபிடிக்க' வேண்டும். நடைமுறையில் அவருடைய செயலாளர்.

1923 மே மாதம் பிரதமர் போனர் லா தொண்டைப் புற்றுநோயால் விலகினார். வாரிசைப் பரிந்துரைக்க அவர் விரும்பவில்லை. போட்டியில் இருவர். ஒருவர் முன்னாள் இந்திய வைஸ்ராய் கர்சன், பிரபுக்கள் சபை உறுப்பினர். மற்றவர் ஸ்டான்லி பால்ட்வின், மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையின் உறுப்பினர், அனுபவம் குறைவு. ஸ்டாம்ஃபோர்டம் கட்சியின் மூத்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கருத்துக் கேட்டார். சாலிஸ்பரி பிரபு கர்சனை விரும்பினார். பால்ஃபர் பால்ட்வினைச் சொன்னார்: தொழிற்கட்சிதான் இப்போது முக்கிய எதிர்க்கட்சி, அதற்குப் பிரபுக்கள் சபையில் ஆளே கிட்டத்தட்ட இல்லை, பிரதமர் காமன்ஸில்தான் இருக்க வேண்டும். போனர் லாவின் கருத்து என்று சொல்லி பால்ட்வினுக்குச் சாதகமான குறிப்பு ஒன்றும் ஸ்டாம்ஃபோர்டம் கைக்கு வந்தது. அது உண்மையில் போனர் லாவின் கருத்துதானா என்பது இன்றும் சர்ச்சை.

தந்தி கொடுத்து கர்சனை லண்டனுக்கு வரவழைத்தார்கள். பதவி உறுதி என்ற நம்பிக்கையோடு வந்த அந்தப் பெருமிதக்காரரிடம், அரசர் வேறொருவரைத் தேர்ந்துவிட்டார் என்று நேரில் சொன்னவர் ஸ்டாம்ஃபோர்டம்தான். மே 22 பிற்பகல். கர்சன் நொறுங்கிப்போனார்.

முடிவு சரி. பிரதமர் மக்கள் தேர்ந்தெடுத்த சபையில்தான் இருக்க வேண்டும் என்ற மரபு அன்று கெட்டிப்பட்டது. வழி மட்டும் பலவீனமானது: யாரிடம் கேட்பது, எந்தக் காகிதத்தை நம்புவது என்பதெல்லாம் ஒரு தனிமனிதரின் கையில் இருந்தது.

எட்டு மாதம் கழித்து இன்னும் பெரிய சோதனை. 1923 டிசம்பர் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி முதலிடம் வந்தும் பெரும்பான்மை இல்லை. 191 இடங்களோடு தொழிற்கட்சி இரண்டாமிடம். தொழிற்கட்சியை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று பணக்கார வட்டாரங்கள் கூக்குரலிட்டன. பால்ட்வின் சபையில் தோற்றதும் அடுத்த பெரிய கட்சியை அழைப்பதே முறை, அவர்களுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதில் ஸ்டாம்ஃபோர்டம் உறுதியாக இருந்தார். 1924 ஜனவரி 22 அன்று, ஸ்காட்லாந்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ராம்சே மெக்டொனால்டு பிரதமரானார். விக்டோரியா இறந்த நாளும் ஜனவரி 22. பாட்டி இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று ஜார்ஜ் அன்று டைரியில் எழுதிவைத்தார்.

அரசவை உடை வாங்கப் புதிய அமைச்சர்களிடம் காசில்லை என்று தெரிந்ததும், மாஸ் பிரதர்ஸ் கடையில் 30 பவுண்டுக்குக் கிடைக்கும் என்று விசாரித்து தொழிற்கட்சிக் கொறடாவுக்கு ஸ்டாம்ஃபோர்டம் கடிதம் எழுதினார். விக்டோரியாவின் காலத்தில் உருவான ஒரு மனிதர், தன் 74ஆவது வயதில், ரயில் தொழிலாளியாக இருந்தவர்கள் சங்கடமில்லாமல் அரண்மனைக்குள் வர வழி பார்த்தார். அவரது பணி வாழ்க்கையில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

எல்லா இடத்திலும் அவர் வளையவில்லை. 1930இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்கல்லின், ஆஸ்திரேலியரான ஐசக் ஐசக்ஸைக் கவர்னர் ஜெனரலாக்கச் சொன்னபோது அரசரும் செயலாளரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஸ்கல்லின் நேரில் வந்து விடாப்பிடியாக நின்றதும் அரசர் பணிந்தார். லண்டன் அமைச்சர்கள் மட்டும் கொடுத்துவந்த 'அட்வைஸை' இனி ஆஸ்திரேலியா போன்ற டொமினியன் (பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற) நாட்டு அமைச்சர்களும் நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது.

நாற்காலி யாரிடம் போனது?

1931 மார்ச் 31 அன்று, 81 வயதில், பணியில் இருந்தபடியே ஸ்டாம்ஃபோர்டம் இறந்தார். மகன் இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்தது. செல்வாக்கு முடியவில்லை. விக்ரமுக்குப் பிறகு வந்த அலெக்சாண்டர் ஹார்டிஞ்சும் படை அதிகாரி. எட்டாம் எட்வர்டின் காதல் விவகாரம் பத்திரிகைகளில் வெடிக்கப்போகிறது என்று 1936 நவம்பரில் அவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தவர் அவர்தான். 1953 முதல் 1972 வரை இரண்டாம் எலிசபெத்தின் தனிச்செயலாளராக இருந்த மைக்கேல் அடீன், கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் அதிகாரி, போரில் கணவனை இழந்த அந்த விக்டோரியா யூஜினியின் மகன், ஸ்டாம்ஃபோர்டமின் பேரன்.

தாத்தா 1923இல் செய்த வேலையைப் பேரனும் செய்ய வேண்டிவந்தது. 1957இல் மேக்மில்லன், 1963இல் ஹியூம் பிரபு என இருமுறையும் கட்சிப் பெரியவர்களைக் கலந்து பேசித்தான் பிரதமர் முடிவானார். 1963 தேர்வின் மீது எழுந்த விமர்சனத்துக்குப் பிறகு, 1965இல் கன்சர்வேட்டிவ் கட்சி தன் தலைவரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. தனிச்செயலாளரின் மிகப் பெரிய கருவி அதோடு அவர் கையைவிட்டுப் போனது.

மிச்சமிருப்பது யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தல்கள். 2010 மே மாதம் அப்படி ஒன்று வந்தபோது, முன்னாள் ராணுவ அதிகாரியான கிறிஸ்டஃபர் கைட் எலிசபெத்தின் தனிச்செயலாளர். அமைச்சரவைச் செயலாளர், பிரதமரின் முதன்மைத் தனிச்செயலாளர், அரண்மனைத் தனிச்செயலாளர் ஆகிய மூவரையும் சேர்த்து 'தங்க முக்கோணம்' என்று அங்கே சொல்கிறார்கள். கட்சிகள் பேரம் பேசி முடிக்கும்வரை அரசியை எந்தப் பக்கமும் இழுத்துவிடாமல் காப்பதும், நடப்பதை அவருக்கு உடனுக்குடன் சொல்வதும் கைட்டின் வேலையாக இருந்தது. பெரும்பான்மையில்லாத நாடாளுமன்றத்தில் என்ன முறை என்பதை அடுத்த ஆண்டு அமைச்சரவைக் கையேடு எழுத்திலேயே கொண்டுவந்தது. ஸ்டாம்ஃபோர்டம் தலைக்குள் வைத்திருந்த விதிகள் 80 ஆண்டு கழித்து அச்சுக்கு வந்தன.

அச்சுக்கு வந்த பிறகும் 2019 ஆகஸ்ட் 28 நடந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்க 'அட்வைஸ்' கொடுத்தார். பால்மோரல் மாளிகையில் எலிசபெத் ஒப்புதல் கொடுத்தார். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஒத்திவைப்பு சட்டவிரோதம் என்றார்கள். அப்போது தனிச்செயலாளர் எட்வர்ட் யங், படையிலிருந்து வராதவர். கொடுக்கப்பட்ட 'அட்வைஸ்' தவறென்று தோன்றினால் அரண்மனை எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேசலாம் என்று லண்டனில் அந்த வாரங்களில் விவாதம் நடந்தது. 1910 நவம்பரில் பிக்கும் நாலிஸும் ஒரே அரசரின் முன்னால் நின்று வாதாடியது இதே கேள்வியைத்தான்.